சிப்பாயின் பையில் ஓர் இல்லத்தரசி

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழைகளுக்கு ஒரு தனிக் கோப்பே போடலாம். அவற்றில் ஒன்று ஊசி நூல் சம்பந்தப்பட்டது. பழைய பிரிட்டிஷ் படைவீரர்களின் உடைமைகள் பற்றிய சிறு கட்டுரை அது. ஒவ்வொரு வீரனும் தோள்பையில் என்னென்ன சுமந்தான் என்று ஒரு பட்டியல் இருந்தது: ரொட்டி, தண்ணீர்க் குடுவை, மாற்றுச் சட்டை, ஒரு ‘ஹவுஸ்வைஃப்’. நானும் கொஞ்சமும் தயங்காமல் ‘ஓர் இல்லத்தரசி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று பக்கம் பார்த்த மூத்த உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, அவ்வளவு பெரிய பையா அது?” என்று மட்டும் கேட்டார்.

அகராதியைப் புரட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நீளமான ஒரு துணிப் பட்டை. அதன்மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். ஊசி, நூல், பொத்தான், சிறு கத்தரி எல்லாம் அதில் அடங்கும். சுருட்டி நாடாவால் கட்டினால் உள்ளங்கையில் நிற்கும். வீட்டில் இருந்தால் கிழிந்ததை மனைவி தைத்துத் தருவாள். பாசறையில் அந்த வேலையை இந்தத் துணி பார்த்துக்கொண்டது. வீரர்கள் அதைச் சுருக்கி ‘ஹஸிஃப்’ என்றார்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இது வழங்கப்பட்டது. வீரர்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் இது பழக்கமான பொருள்தான். ஜேன் ஆஸ்டன் 1792இல் தன் தோழி மேரி லாய்டுக்கு இப்படி ஒன்றைத் தன் கையால் தைத்து, உள்ளே ஒரு குட்டிக் கவிதையையும் வைத்துக் கொடுத்தார்.

1809இல் பெங்களூர் கன்டோன்மென்ட் உருவானபோது அங்கே வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பைகளிலும் அந்தத் துணி இல்லத்தரசிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சமையல்காரர்களாகவும் தையல்காரர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள்தாம் இன்று அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நமக்கு அக்கம்பக்கத்தார்.

தமிழில் இதற்கு ஒரு சொல் கிடைக்குமா என்று அப்போது தேடினேன். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி இது. தையல்காரருக்குச் சொல் இருக்கிறது: சிலப்பதிகாரம் புகார் நகரத் தெருக்களை வருணிக்கும்போது துன்னகாரரையும் சேர்த்துக்கொள்கிறது. துன்னம் என்றால் தையல். துணித் துண்டுக்கும் சொல் இருக்கிறது: கிழி. கிழித்து எடுத்தது என்பதால் கிழி. அதில் பொன்னை முடிந்தால் பொற்கிழி. புலவர்கள் வாங்கிக்கொண்டு போன பரிசு, யோசித்துப் பார்த்தால், ஒரு வெட்டுத் துண்டில் கட்டிய முடிச்சுதான். பாட்டிகளின் இடுப்பில் இருந்த சுருக்குப் பை அதன் அடுத்த தலைமுறை. ஆனால் பல அறைகள் கொண்ட, விரித்துத் தொங்கவிடக்கூடிய தையல் பைக்கு நம்மிடம் தனிப் பெயர் ஏதும் எனக்கு அகப்படவில்லை.

பக்கத்து மொழியில் ஒன்று அகப்பட்டது. கன்னடத்தில் ‘சஞ்சி’ என்றால் சிறு பை; குறிப்பாக வெற்றிலை பாக்குப் பை. ஓசூர்ப் பக்கத்துத் தமிழிலும் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூரில் சிக்கதேவராஜ உடையாரின் அரண்மனையில், ராணிக்கு வெற்றிலைப் பை தூக்கும் பணிப்பெண்ணாக இருந்தவர் ஹொன்னம்மா. அவர் கவிஞரானார். வரலாறு அவரை ‘சஞ்சி ஹொன்னம்மா’ என்றே அழைக்கிறது. அவர் எழுதிய ‘ஹதிபதெய தர்ம’ பதிவிரதையின் கடமைகளைப் பேசும் நூல். பெண்ணைத் தாழ்வாகவும் ஆணை உயர்வாகவும் நினைப்பவர்களைச் சுள்ளென்று கேட்கவும் அதில் இடம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆக, அங்கே ஊசிப் பைக்கு இல்லத்தரசியின் பெயர். இங்கே இல்லத்தரசியைப் பற்றி எழுதியவருக்குப் பையின் பெயர். அந்தப் பெண் சுமந்ததே அவள் பெயராகிவிட்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா.

அக்கா பதினாறு வருடம் பீன்யா பக்கத்தில் ‘கார்மென்ட்ஸ் வேலை’ பார்த்தவர். சட்டைக்குக் காலர் வைப்பது அவர் வேலை. காலர் மட்டும். முழுச் சட்டை ஒன்றைத் தான் தைத்ததே இல்லை என்பார். வேலையை விட்ட பிறகு, கிடைத்த பி.எஃப். பணத்தில் கால்மிதி மிஷின் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, மோட்டார் மாட்டி, பத்துக்குப் பத்து அறையின் ஜன்னலோரத்தில் போட்டார். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம் பிரித்துத் தைப்பது என்று தெருவுக்கே அவர்தான் இப்போது துன்னகாரர்.

அந்த பி.எஃப். பணத்துக்கு ஒரு கதை உண்டு. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேலையை விட்டாலும், முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது அது. காகிதத்தில் பார்த்தால் நல்ல எண்ணம்தான், முதுமைக்குச் சேமிப்பு. ஆனால் கார்மென்ட்ஸில் 58 வயது வரை யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? முதுகும் கண்ணும் அதற்கு முன்பே விடைபெற்றுவிடும். மகள் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், ஒரு மிஷின் என்று அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரில் பல்லாயிரம் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். ஓசூர் சாலையும் தும்கூர் சாலையும் நின்றுபோயின. கல்வீச்சு, தடியடி, எரிந்த பஸ்கள் எல்லாம் நடந்தன. யார் தலைமை என்று கேட்டவர்களுக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. 19ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அக்காவும் அன்று தும்கூர் சாலையில் நின்றவர். “நான் கோஷமெல்லாம் போடலம்மா. நிழல் இல்ல. பாட்டில்ல தண்ணி இருந்துச்சு, நாலு பேரு குடிச்சோம்” என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் அந்த மிஷினைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ஒரு பேட்டியில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து அல்லல்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று அவர் நம்பினார். பல குடும்பங்கள் நடத்திய ஐசக் சிங்கரின் சொந்த வாழ்க்கை தெரிந்தவர்கள் இதைப் படித்தால் இருமுவார்கள். நம் நாட்டு ‘உஷா’வின் கதை இன்னும் சாதுவானது. லாலா ஸ்ரீராம் தன் மகளின் பெயரை வைத்தார், அவ்வளவுதான்.

அக்காவின் மிஷின் மாலை ஆறு மணிக்கு மேல் மிஷின் இல்லை. தலையை மடக்கி உள்ளே இறக்கிப் பலகையை மூடினால் அது பையனின் படிப்பு மேஜை. ஒன்பது மணிக்கு மேல் அந்த இடத்தில் பாய் விரிக்க வேண்டும். எனவே தினமும் காலையில் ஒரு தையல்கடை திறக்கப்பட்டு, மாலையில் அடியோடு கலைக்கப்படுகிறது. கத்தரி, இஞ்ச் டேப், சாக், பாபின்கள், பாபின் கேஸ், ஹூக் அட்டை, முப்பது நிற நூல்கண்டுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இருந்த ஒரே வீடு, யாரோ கொடுத்த நீல நிற பிஸ்கட் டப்பா. டப்பா நல்ல பொருள்தான், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஆனால் எதையும் காட்டாது. ஒரு மெரூன் பாபினுக்காக மொத்தத்தையும் கட்டிலில் கொட்டி, எடுத்து, மறுபடி அள்ளிப் போட வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை கொட்டுகிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் பதினொன்று.

போன வருடம் வரமகாலட்சுமிப் பண்டிகைக்கு முந்தின வாரம். பெங்களூரில் அந்த வாரம் தையல்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஜரிகைக் கரை மேல் ஓடிய ஊசி உடைந்தது. மேல் துண்டு ஊசித் தண்டிலேயே இருந்தது. நுனி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாயை விரித்துவிட்டார். விடியற்காலை பையனின் முழங்காலில் அது இருந்தது. எக்ஸ்ரே, ஊசி, கட்டு என்று மூன்று நாள் ஓட்டம். பெரிய ஆபத்து ஏதும் ஆகவில்லை. ஆனால் அக்கா அன்று சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: “கம்பெனியில இருந்தா விட்டிருப்பேனாம்மா?”

கம்பெனியில் விட முடியாது. ஏற்றுமதித் துணி தைக்கும் ஆலைகளில் ஊசி உடைந்தால் முதலில் மிஷின் நிற்க வேண்டும். உடைந்த எல்லாத் துண்டுகளையும் காந்தத்தால் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் தேதி, மிஷின் எண்ணுடன் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதைக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் சுற்றியிருக்கும் துணிகள் எல்லாம் தனியே எடுக்கப்பட்டு உலோகம் கண்டறியும் கருவிக்குள் போய் வரும். எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத குழந்தை ஒன்றின் மேல் அந்த நுனி குத்திவிடக் கூடாது என்பதற்காகப் பதினாறு வருடம் அக்கா ஊசித் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார். கத்தரிகூட அங்கே கயிற்றால் மிஷினோடு கட்டப்பட்டிருக்கும். தன் வீட்டில், தன் மிஷினில், அந்தப் பதிவேடும் இல்லை, கயிறும் இல்லை.

நான் உதவப் புறப்பட்டேன். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் படித்தால் சிரிப்பார்கள். ஆங்கிலக் கைவினைப் பத்திரிகைகளிலிருந்து ‘நீங்களே தைக்கலாம்’ பக்கங்களை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். தொங்கவிடும் தையல் பை ஒன்றையும் மொழிபெயர்த்த ஞாபகம் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மெல்லிய பூப்போட்ட பருத்தித் துணியில் பன்னிரண்டு பைகள் வைத்து ஒன்று தைத்தேன். அழகாகத்தான் இருந்தது. நூல்கண்டை வைத்தால் நுழையவில்லை. அழுத்தி நுழைத்தால் பக்கத்துப் பை வாயை மூடிக்கொண்டது. கத்தரியை வைத்ததும் நுனி அடித் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மொத்தமும் ஈரத் துண்டு மாதிரி ஜன்னல் கம்பியில் தொங்கிற்று.

அக்கா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார். பிறகு பிளேடை எடுத்து, பேசிக்கொண்டே, ஐந்து நிமிடத்தில் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் பிரித்துப் போட்டார். அடுத்து நாங்கள் இருவரும் தைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்கள் ஒரு நாளில் தைத்துவிடலாம்.

முதலில் துணி. முன்பக்கத்துக்கு விறைப்பான துணிதான் வேண்டும். காக்கி ட்ரில் எடுத்துக்கொண்டோம். யூனிஃபார்ம் தைக்கும் கடைகளில் சொல்லி வைத்தால் வெட்டுத் துண்டாகவே கிடைக்கும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டும் ஆகும். (1884இல் தொடங்கிய பின்னி மில் இருந்த வட்டாரம் எங்களுடையது. காக்கி என்றால் இங்கே சென்ற தலைமுறைத் தமிழர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வார்கள். மில் நின்ற நிலத்தில் இப்போது அடுக்கு மாடிகள் நிற்கின்றன.) புது ட்ரில்லாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் முன்துணி சுருங்கும், பின்துணி சுருங்காது. பை முழுவதும் சுருக்கு விழும். பின்பக்கத்துக்குப் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துக்கொள்ளலாம். சுருங்க வேண்டியதெல்லாம் அதில் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும்.

தைத்து முடித்த அளவு 20 அங்குல அகலம், 33 அங்குல நீளம். சுற்றிலும் அரை அங்குலத் தையல் என்று கணக்கிட்டு முன்துணி, பின்துணி இரண்டையும் 21க்கு 34 என்று வெட்ட வேண்டும். நீளம் ஏன் 33 என்றால், பை மூன்றாக மடிய வேண்டும்; மடிப்பு ஒன்றுக்கு 11 அங்குலம். அக்காவின் கத்தரி 10 அங்குலம். மடிப்புக் கோட்டின் குறுக்கே கத்தரி வந்தால் பை மடியாது. நான் மொழிபெயர்த்த பக்கத்தில் அளவுகள் எல்லாம் இருந்தன, ஆனால் எதற்காக அந்த அளவு என்பது இல்லை. அக்கா முதலில் கத்தரியைத் துணிமேல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் சாக்கை எடுத்தார்.

பைகள் மூன்று வரிசை. கீழ் வரிசை ஆழம் 8 அங்குலம், நடு வரிசை 6, மேல் வரிசை 4. ஒவ்வொரு வரிசைக்கும் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கும் கூட ஓர் அங்குலமும் சேர்த்து, அதாவது 17, 13, 9 அங்குல உயரத்தில் பட்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட வேண்டும். மடிந்த விளிம்புதான் பையின் வாய். இரட்டைத் துணியாக இருப்பதால் வாய் தொய்யாது, அதற்குத் தனியே மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. மூன்று பட்டைக்கும் மூன்று நிறம் இருக்கட்டும். அவசரத்தில் கைக்கு முன்னால் கண் போக வேண்டுமே.

நான் கோட்டைவிட்ட இடம் நடு வரிசை. தட்டையான பையில் தட்டையான பொருள்தான் போகும். நூல்கண்டு உருண்டை, அதற்குப் பை வயிறு வைக்க வேண்டும். 20 அங்குல அகலத்தில் ஐந்து பைகள் என்றால் ஒன்று 4 அங்குலம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 6 அங்குலத் துணி விட்டு, அடியில் இரண்டு ஓரத்திலும் அரை அங்குல மடிப்பு வைக்க வேண்டும். ஒரு மடிப்பு ஓர் அங்குலத் துணியை விழுங்கும். இரண்டு மடிப்பில் 6 அங்குலம் 4 ஆகிவிடும். ஆகவே நடுப் பட்டையின் நீளம் மட்டும் 21 அல்ல, 31 அங்குலம். மடிப்பு அடியில் மட்டும்தான் தைக்கப்படும், வாய்ப்பக்கம் திறந்து நிற்கும். சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகியதும் கீழே விரிகிறது அல்லவா, அதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும்.

பட்டையைப் பொருத்துவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடு வரிசையின் அடி, துணியின் கீழ் விளிம்பிலிருந்து 12 அங்குலத்தில், அதாவது மடிப்புக் கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே வர வேண்டும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, பட்டையைத் தலைகீழாக, அதன் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, வெட்டு விளிம்பைக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நிறுத்திக் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். பிறகு பட்டையை மேலே புரட்டிவிட்டால் பிசிறு உள்ளே மறைந்துவிடும். புரட்டிய பின் அடியோரமாக இன்னொரு தையல் ஓட்டினால் கனம் தாங்கும். மேல் வரிசைக்கும் இதே முறைதான்; அதன் அடி 23 அங்குலத்தில். கீழ் வரிசைக்கு இந்த வித்தை தேவையில்லை. அதன் பிசிறு முழுப் பையின் அடித் தையலிலேயே போய்விடும்.

பைகளைப் பிரிக்கும் செங்குத்துத் தையலை அடியிலிருந்து வாய் நோக்கி ஓட்டி, வாயில் மூன்று முறை முன்னும் பின்னும் தைத்து நிறுத்துங்கள். பை கிழிவது எப்போதும் வாயில்தான் என்றார் அக்கா. (இதற்கு நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்த்தார். அடக்கிக்கொண்டேன்.) கீழ் வரிசையை நான்காகப் பிரித்தோம்: கத்தரிக்கு 4 அங்குலம், நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கு 3, ஹூக் அட்டைகளுக்கும் லேஸ் சுருளுக்கும் 6, அளவு நோட்டுக்கு 7. கத்தரிப் பையின் அடியில் பழைய ரெக்ஸின் செருப்புப் பையிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தைத்தோம். அதன் பிறகு நுனி எட்டிப் பார்க்கவில்லை.

மேல் வரிசையில் சாக், ரிப்பர், பாபின்கள், விரலுறை. இங்கே அக்கா என்னை இன்னொரு முறை மடக்கினார். பையை மூன்றாக மடிக்கும்போது மேல் பகுதி தலைகீழாகக் கவிழும். “கவுத்தா கொட்டாதாம்மா?” கொட்டும். அதனால் அந்த வரிசைக்கு மட்டும் மூடி வைத்தோம். பையின் வாய்க்கு ஓர் அங்குலம் மேலே, 3 அங்குலம் தொங்கும்படி இரட்டைத் துணி. மூடவும் திறக்கவும் மூன்று பிரஸ் பட்டன். மூடிக்கு மேலே மிஞ்சும் இடத்தில் பழைய கம்பளியிலிருந்து வெட்டிய ஒரு கை அகலத் துண்டு. தையல்காரர்கள் ஊசி குத்திவைக்கக் காலங்காலமாக நம்புவது கம்பளியைத்தான். அதன் பக்கத்தில், சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து எடுத்த காந்தத்தைத் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டோம். அதை ஒட்டி, மாத்திரைக் குப்பி ஒன்று நிற்கும் அளவில் ஒற்றைப் பை.

அந்தக் குப்பிதான் இந்தப் பையை நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம். உடைந்த ஊசிகள் அதற்குள் போகின்றன. கூடவே, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா ஒரு கட்டம் போட்டிருக்கிறார்: தேதி, எத்தனை துண்டு, கிடைத்ததா. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முழு ஊசி ஆனால்தான் புது ஊசியை எடுக்கிறார். சூப்பர்வைசர் இல்லை, பையர் இல்லை, ஆடிட் இல்லை. பையன் மட்டும் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு எத்தனைம்மா?” என்று கேட்கிறான்.

கடைசியில் சேர்ப்பது. பின்துணியின் வெளிப்புறம் நடுவில் ஒரு நீள நாடாவை முதலிலேயே தைத்துக்கொள்ளுங்கள், மடித்துக் கட்டுவதற்கு. முன்துணியையும் பின்துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க வைத்து, மேல் விளிம்பில் மூன்று காதுகளை இடையில் செருகி, ஒரு பக்கத்தில் 6 அங்குலம் திறப்பு விட்டுச் சுற்றித் தைத்து, திருப்பி, திறப்பை மூடி, மீண்டும் ஓரத்தில் ஒரு சுற்று. காதுகளின் மேல் சதுரம் போட்டு, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டுத் தைக்க வேண்டும். கத்தரியும் முப்பது நூல்கண்டும் லேசான கனமல்ல. மடிப்புகளும் ட்ரில்லும் சேரும் இடத்தில் ஆறேழு அடுக்கு வரும். 18ஆம் எண் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, அந்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். ஊசிப் பை தைக்கும்போதே ஊசியை உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரஸ் பட்டன், நாடா, நல்ல நூல் இதற்கெல்லாம் நாங்கள் போனது சிக்பேட்டை. ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம். மாமூல்பேட்டைச் சந்துகளில் பொத்தானுக்கு ஒரு கடை, லேஸுக்கு ஒரு கடை, நூலுக்கு ஒரு கடை என்று நடந்துகொண்டே இருக்கலாம். அக்கா பதினாறு வருடம் இந்த ஊரில் காலர் தைத்தும் அந்தத் தெருவுக்கு அதற்கு முன் இரண்டு முறைதான் வந்திருக்கிறாராம். கம்பெனியில் நூல் தானாக வந்துவிடும். எங்கிருந்து என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. இப்போது நூல்கண்டைக் கையில் எடுத்து, நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, “இது அந்து போகும்” என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் ஜன்னல் கம்பியில் மூன்று காதுகளையும் மாட்டினால் கடை திறந்துவிட்டது. மாலையில் கீழ்ப் பகுதியை மேலே மடித்து, மேல் பகுதியை அதன்மேல் கவிழ்த்து, நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டால் ஒரு தலையணை அளவு. அது கட்டிலுக்கடியில் போய்விடும். பிஸ்கட் டப்பாவில் இப்போது முறுக்கு இருக்கிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்கு ஒரு பிளவுஸ் வாங்கப் போனேன். மூன்று பேர் அதே மாதிரிப் பை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம், இரண்டு பேர் பழைய கம்பெனித் தோழிகள். என்ன பெயர் போட்டு எழுதிக்கொள்வது என்று அவருக்குச் சந்தேகம். நான் சிப்பாய், ஹவுஸ்வைஃப், மைசூர் அரண்மனை, ஹொன்னம்மா என்று எல்லாக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கீழ் வரிசை கடைசிப் பையிலிருந்து நோட்டை எடுத்து, நாக்கில் பென்சிலைத் தொட்டு, எழுதிக்கொண்டார்:

“சஞ்சி – 3. காக்கி. அட்வான்ஸ் வரல.”